மணி பார்த்துப் போகிறவள்

என் ஓரகத்தி தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வெயிலிலிருந்து உள்ளே வந்ததும் பானையில் செம்பை முக்கி, நின்றபடியே அண்ணாந்து, கழுத்து ஏறி இறங்கக் கடகடவென்று குடிப்பாள். குடித்து முடித்து "அப்பாடா" என்று ஒரு சத்தம் போடுவாள். ஊருக்குக் கிளம்புகிற நேரமானாலும் அப்படித்தான். பஸ் ஏறப் போகிறோமே, நடுவழியில் எங்கே போய் ஒதுங்குவது என்ற யோசனையே அவளுக்கு வராது. நான் ஏதாவது சொன்னால், "போற எடத்துல பாத்துக்கலாம்க்கா" என்பாள். அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய்ப்பில்லாமல் போயிருந்தது. அதனால் அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் என்னைக் குத்திக்காட்டத்தான் சொல்கிறாள் என்று தோன்றும்.

அவள் என் கொழுந்தன் மனைவி. என்னைவிடச் சின்னவள். கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் ஒரே வீட்டில், ஒரே சமையலறையில் இருந்தோம். என் கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. கொழுந்தன் பஸ் ஸ்டாண்டு பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். அந்த வீட்டுக்கு முதலில் வந்த மருமகள் நான். விசேஷம் என்றால் முதலில் கூப்பிடுவது என்னை. எண்பதாம் வருஷம் என் முதுகுத்தண்டின் அடியில் ஒரு கட்டி வரும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

வேலூரில் ஆபரேஷன் செய்து கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை, உயிருக்குப் பயமில்லை என்றார்கள். நடை திரும்பி வந்தது. இடது பாதம் மட்டும் கொஞ்சம் இழுக்கும். ஆனால் மூத்திரம் தானாகப் போவது நின்றுவிட்டது. போக வேண்டும் என்ற உணர்ச்சியும் அதோடு போய்விட்டது. அடிவயிறு நிரம்பிக் கல் மாதிரி இருக்கும், எனக்குத் தெரியாது. நிரம்பி வழிந்து புடவை நனையும்போதுதான் தெரியும்.

முதலில் ஒரு குழாயை உள்ளேயே வைத்து, அதன் முனையில் ஒரு பையை மாட்டி, தொடையில் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பையோடு பல மாதம் இருந்தேன். குளிர் காய்ச்சல் வரும், மாத்திரை சாப்பிட்டால் போகும், திரும்ப வரும். வாசனை வருகிறதோ என்ற பயத்தில் வீட்டிலிருக்கும்போதே தலை நிறைய மல்லிகை வைத்துக்கொள்வேன். "இன்னாக்கா, இன்னிக்கும் மாமாவுக்கு விருந்தா?" என்று ஓரகத்தி சிரிப்பாள். அவளுக்குப் பையைப் பற்றி அரைகுறையாகத்தான் தெரியும். நான் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை.

மறுபடி வேலூர் போனபோது ஒரு பெண் டாக்டர் பையைப் பார்த்துவிட்டு, "இது வேணாம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை நீங்களே சின்ன குழாய் விட்டு எடுத்துடலாம். எடுத்ததும் குழாய வெளிய எடுத்துடணும்" என்றார்.

"நானேவா?" என்றேன்.

"பல்லு நீங்கதான வெளக்கறீங்க? அது மாதிரிதான் இதுவும்."

ஒரு நர்ஸ் திரையை இழுத்துவிட்டு, கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள் நான். என் உடம்பின் அந்த இடத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். பலமுறை இடம் தவறியது. கடைசியில் சிவப்பு ரப்பர் குழாய் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், கிண்ணத்தில் சொய்யென்று சத்தம் கேட்டதும் நானும் நர்ஸும் ஒரே சமயத்தில் சிரித்துவிட்டோம்.

சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். நகத்தை ஒட்ட வெட்டி வைத்திருக்க வேண்டும். முதலில் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும், பிறகு அந்த இடத்தை. கழுவின கையால் எதையும் தொடக் கூடாது. குழாயைக் கழுவி, கொதிக்கவைத்து, ஈரம் போகக் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப உபயோகிக்கலாம். ஆஸ்பத்திரி மாதிரி இருக்க வேண்டும் என்றில்லை, சுத்தமாக இருந்தால் போதும். முக்கியமாக, தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது.

வீட்டில் இதெல்லாம் சீக்கிரம் பழகிப்போனது. காய்ச்சலும் நின்றது. கஷ்டம் வெளியே போவதில்தான் இருந்தது. செங்கத்துக்கு ஒரு சாவு வீட்டுக்குப் போய் வரவேண்டும் என்றாலும், எத்தனை மணிக்குக் கிளம்புவது, எத்தனை மணிக்குத் திரும்புவது, அந்த வீட்டில் கதவு போட்ட இடம் இருக்குமா என்று கணக்குப் போட்டுப் போட்டு, கடைசியில் போகாமல் இருந்துவிடுவேன். போயே ஆகவேண்டும் என்றால் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீரைக் கம்மி பண்ணிவிடுவேன். உள்ளே போகாவிட்டால் வெளியேயும் வராது என்று என் புத்தி. அப்படி இரண்டு தடவை செய்து இரண்டு தடவையும் காய்ச்சலில் விழுந்தேன். டாக்டர் திட்டினார்.

அந்த நாட்களில் யாரைப் பார்த்தாலும் பொறாமைதான். என் கணவர் பஸ் நின்ற இடத்தில் இறங்கி, ஒரு புளியமரத்துக்குப் பின்னால் போய், வேட்டியைச் சரிசெய்தபடி திரும்பி வருவார். போய் வந்த நினைப்பே அவர் முகத்தில் இருக்காது. மரத்தைப் பார்த்தே பொறாமைப்பட்டேன். தெருவில் நின்றபடி போகிற மாட்டைப் பார்த்துக்கூட.

ஆனால் ஓரகத்தி மேல் இருந்தது வேறு தினுசு. சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பவள் திடீரென்று, "அக்கா, முட்டுதுக்கா, கொஞ்சம் வழி வுடு" என்று கொல்லைக்கு ஓடுவாள். அந்த 'முட்டுது' என்ற வார்த்தைதான் எனக்குத் தாங்காது. உடம்பு அவளைக் கூப்பிடுகிறது, அவள் ஓடுகிறாள். என்னை என் உடம்பு கூப்பிடுவதில்லை. சுவரில் மாட்டிய கடிகாரம்தான் எனக்குச் சொல்ல வேண்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி தெருப் பெண்களோடு மலை சுற்றப் போய்வந்து, "அடி அண்ணாமலைல கரும்பு ஜூஸ் குடிச்சோம்க்கா, அப்பறம் மோரு, அப்பறம் ஒரு எளநி" என்று அடுக்குவாள். நான் கால் வலிக்கிறதா என்று கேட்பேன். மனசுக்குள், இத்தனையையும் குடித்துவிட்டு எங்கே போனாள் இவள் என்றுதான் ஓடும்.

எண்பத்துமூன்றாம் வருஷம் வைகாசியில் என் நாத்தனார் மகளுக்குத் திருப்பதியில் கல்யாணம். நாத்தனார் குடும்பம் அங்கேதான் இருந்தது. தாய்மாமன் சீர் எங்கள் வீட்டிலிருந்து போக வேண்டும். முதல் தட்டை மூத்த மாமன் மனைவி, அதாவது நான், தூக்க வேண்டும். சொந்தக்காரர்கள் எல்லோருமாக ஒரு பஸ் பேசியிருந்தார்கள்.

என் கணவர் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, "ஒனக்கு எதுக்கு இந்த அலைச்சல்? நீ வீட்ல இரு. தட்ட சின்னவ தூக்கட்டும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். அறைக்குள் போனால், ஓரகத்தி அரக்குப் பட்டுப்புடவையை மேலே போட்டுக் கண்ணாடி முன் நின்று, கையில் ஒரு தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் தாம்பாளத்தை இறக்கினாள்.

"ச்சும்மா பாத்தேன்க்கா" என்றாள்.

"நல்லா பாத்துக்கோ. நான் வரேன். முதல் தட்டு என்னுது" என்றேன்.

"வா, வா! யாரு வேணான்னது?" என்றாள். அவள் முகம் சந்தோஷப்பட்டதா, ஏமாந்ததா என்று அன்றைக்கு எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

மூன்று குழாய்களைக் கொதிக்கவைத்துக் காயவைத்தேன். ஒவ்வொன்றையும் துவைத்து இஸ்திரி போட்ட வேட்டித் துணியில் தனித்தனியாகச் சுற்றி எவர்சில்வர் டப்பாவில் வைத்தேன். உபயோகித்ததைப் போட ஒரு பிளாஸ்டிக் கவர், ஒரு சோப்புத் துண்டு, கைக்கண்ணாடி, வழியில் இடமே கிடைக்காவிட்டால் பிடிக்க ஒரு மூடி போட்ட டப்பா. கை கழுவக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு கூஜா நிறைய. எல்லாம் ஒரு துணிப்பையில். அதை யார் கையிலும் கொடுக்கவில்லை.

விடிந்ததும் கிளம்பினோம். வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தியபோது கட்டணக் கழிப்பிடத்துக்குப் போனேன். உள்ளே பையை வைக்க இடமில்லை, தரை முழுக்க ஈரம், கதவில் தாழ்ப்பாள் இல்லை. பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, புடவைக் கொசுவத்தைப் பல்லில் கடித்துக்கொண்டு, முதுகால் கதவை அழுத்தி நின்றேன். கழுவின கை எதன்மேலும் படாமல் காரியத்தை முடிப்பதற்குள் வேர்த்து ஊற்றிவிட்டது. வெளியே வந்தால் ஓரகத்தி பன்னீர் சோடா குடித்துக்கொண்டிருக்கிறாள். "ஒனக்கு ஒண்ணு சொல்லட்டுமாக்கா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

சித்தூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் நின்றுவிட்டது. அடியில் ஏதோ உடைந்துவிட்டதாம், ஆள் போய் சாமான் வாங்கி வர வேண்டும். உச்சி வெயில். இரண்டு பக்கமும் பிடுங்கிவிட்ட வேர்க்கடலைக் கொல்லை. ஒரு புதர் இல்லை, ஒரு சுவர் இல்லை. ஆண்கள் ரோட்டைத் தாண்டிப் போய் முதுகைக் காட்டி வரிசையாக நின்றுவிட்டு வந்தார்கள். பெண்கள் பஸ் நிழலில் உட்கார்ந்து, முந்தானையால் விசிறிக்கொண்டு, காலை மாற்றி மாற்றிப் போட்டார்கள். நேரம் ஆக ஆக ஒவ்வொருத்தி முகமும் இறுகியது. யாருக்கு என்ன அவஸ்தை என்று பார்த்தாலே தெரிந்தது. அந்த அவஸ்தையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது. எனக்கு எதுவும் தெரியவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் நேரம் தாண்டியிருந்தது.

பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் இருந்த பையை எடுத்தேன். கூஜா லேசாக இருந்தது. திறந்தால் அடியில் ஒரு மடக்குகூட இல்லை.

"யாரு இந்தத் தண்ணிய எடுத்தது?" என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன்.

ஓரகத்தி எழுந்து வந்தாள். "நாந்தாங்க்கா. தாகம் தாங்கல. புள்ளைங்களுக்கும் குடுத்தேன். இன்னாக்கா, குடிக்கத்தான வெச்சிருந்த?"

"அது என் கை கழுவ வெச்ச தண்ணிடி! காய்ச்சி எடுத்துக்கினு வந்தது. ஒனக்குத்தான் எல்லாம் இருக்குதே, இதையும் குடிச்சிட்டியா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் பஸ்ஸில் ஏறி என் கையிலிருந்து கூஜாவை வாங்கிக்கொண்டு இறங்கினாள். தூரத்தில் ஒரு தென்னந்தோப்பும் அதன் ஓரத்தில் ஒரு பம்ப்செட் கொட்டகையும் தெரிந்தன. செருப்பைக்கூட மாட்டாமல் வரப்பில் இறங்கி அதை நோக்கி நடந்தாள். நடை ஒரு மாதிரி ஒடுங்கி இருந்தது. அவளுக்கும் முட்டுகிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

திரும்பி வரும்போது அரை ஓட்டமாக வந்தாள். புடவை முழங்கால் வரை நனைந்திருந்தது.

"தொட்டித் தண்ணி இல்லக்கா. மோட்டர் ஓடுது. பைப்புலேந்து வர்றத நேரா புடிச்சேன். காய்ச்சலயே, பரவால்லயா?"

குடிக்கக்கூடிய தண்ணீரும் சோப்பும் இருந்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "பரவால்ல" என்றேன்.

ஆண்கள் எல்லாம் முன்பக்கம் டிரைவரோடு நின்றார்கள். ஓரகத்தி பெட்டியிலிருந்து ஒரு புடவையை உருவி, ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக் கடைசி சீட்டை மறைத்தாள். "கையக் காட்டு" என்று ஜன்னலுக்கு வெளியே என் கையை நீட்டச் சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். இரண்டு தடவை சோப்புப் போட்டேன். குழாய் டப்பா மூடியை அவள்தான் திறந்தாள். "உள்ள தொடாத" என்றேன். "தொடலக்கா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மற்ற டப்பாவில் சொய்யென்று சத்தம் கேட்டதும் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

"இவ்ளோதானாக்கா?"

"இவ்ளோதான்."

"நான் உள்ள இன்னாமோ ரணம், கட்டு கட்டறன்னு நெனச்சிக்கினு இருந்தேன். மூணு வருஷமா ஒன்னக் கேக்கவே பயம்." சீட்டில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சொன்னாள்: "குடுத்து வெச்சவ நீ. எடம் தேட வேணாம், குந்த வேணாம். எனக்கு உயிர் போவுது, அந்தத் தோப்புலயும் ஒரே ஆம்பளைங்க. அந்தக் கொழாயில ஒண்ண எனக்கும் வுட்டுடேன்."

"ஒருத்தர் கொழாய் இன்னொருத்தருக்கு ஆவாதுடி" என்றேன்.

கோபமாகச் சொல்லத்தான் நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு என்னைப் பார்த்து ஒருத்தி பொறாமைப்பட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் இவள். வெல்லக்கட்டியை நாக்கில் வைத்த மாதிரி இனித்தது.

அதிக நேரம் இனிக்கவில்லை. அவள் புடவையை உருவிக்கொண்டு கீழே இறங்கினாள். "வாங்கடி எல்லாரும்! எத்தினி நேரம் அடக்கினு இருப்பீங்க?" என்று மற்ற பெண்களைக் கூப்பிட்டாள். பஸ்ஸுக்குப் பின்னால் கொல்லையில் போய் நாலைந்து பேர் புடவைகளைப் பிடித்து வட்டமாக நின்றார்கள். ஒவ்வொருத்தியாக உள்ளே போய் வந்தாள். உள்ளே போனவளைப் பார்த்து வெளியே நிற்பவள் ஏதோ சொல்ல, அத்தனை பேரும் சிரித்தார்கள். காற்றில் புடவை பறந்து ஒருத்தி "ஐயோ" என்று அலற, இன்னும் சிரிப்பு. நான் ஜன்னலோரம், மூடின டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, உபயோகித்த குழாயைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டேன். என் காரியம் அவர்களுக்கு முன்பே, அவர்களைவிடச் சுத்தமாக முடிந்துவிட்டது. ஆனால் அந்த வட்டத்துக்குள் எனக்கு வேலை இல்லை. அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது.

சத்திரத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுத்த கவலை. குழாய்களைக் கொதிக்கவைக்க வேண்டும். அடுப்பு முழுக்க சமையல்காரர் கையில். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓரகத்தி ஒரு பாத்திரத்தில் குழாய்களைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒட்டுக் கேட்டேன்.

"கொழந்த பால் பாட்டில் ரப்பருங்க. நல்லா கொதிக்கணும். மூடியத் தெறக்காதீங்க, தூசி வுழும்" என்று சமையல்காரரிடம் அதிகாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பொய்கூட எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அதற்கும் ஒரு பொறாமை. நானாக இருந்தால் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரமாகவே நின்றிருப்பேன்.

மறுநாள் காலையில் முதல் தட்டை நான்தான் தூக்கினேன். தேங்காய், பழம், பட்டு எல்லாம் வைத்த பெரிய தாம்பாளம். கால் இழுத்ததால் மெதுவாக நடந்தேன். பின்னால் இரண்டாவது தட்டோடு அவள். என் வேகத்துக்கு அவள் நடந்தாளே தவிர ஒரு அடிகூட முந்தவில்லை. நாத்தனார் தட்டை வாங்கும்போது என் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சீர் வைத்து முடிப்பதற்குள் என் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. சத்திரத்தில் பெண்கள் பக்கம் கதவுள்ள குளியலறை ஒன்றுதான். மாப்பிள்ளை வீட்டார் குளித்து முடித்து அது காலியாகும்போது முகூர்த்தத்துக்குச் சிறிது நேரம்தான் இருந்தது. தாலி கட்டுவதைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று நின்றேன். இரண்டு காய்ச்சலும் ஞாபகம் வந்தன. உள்ளே போனேன்.

வாசலில் ஓரகத்தி நின்றாள். நான் கேட்கவில்லை. தாழ்ப்பாள் சரியில்லாததால் கதவை அவளே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "உள்ள ஆளு இருக்குதுங்க, அப்பறம் வாங்க" என்று யாரையோ விரட்டும் குரல் கேட்டது. நான் கையில் சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கெட்டிமேளம் முழங்கியது. அவசரப்பட்டால் தப்பாகிவிடும் என்று நிதானமாக முடித்துவிட்டு வெளியே வந்தேன். தாலி ஏறியாகிவிட்டது. மேடையைச் சுற்றி ஆட்கள் அட்சதை போட்ட கையோடு கலைந்துகொண்டிருந்தார்கள்.

"நீயாவது போய்ப் பாத்திருக்கலாமே" என்றேன்.

"போட்டும்க்கா. போட்டோவுல பாத்துக்கலாம்" என்றாள்.

அவள் கையில் அட்சதை அப்படியே இருந்தது. பாதியை என் உள்ளங்கையில் கொட்டினாள். இரண்டு பேரும் போய், தாலி கட்டின பிறகு தாமதமாக மணமக்கள் தலையில் போட்டோம். நடந்து போகும்போது என் மனசில் நன்றியைவிட அந்தப் 'போட்டும்' என்ற சொல்தான் உறுத்தியது. அவளால் ஒரு முகூர்த்தத்தை அப்படி விட்டுவிட முடிகிறது. நான் ஒவ்வொன்றையும் எண்ணி எண்ணிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதன் பிறகு எந்த ஊருக்குப் போனாலும் அவளும் நானும் சேர்ந்துதான் போனோம். கதவைப் பிடிப்பாள், தண்ணீர் ஊற்றுவாள், "தண்ணி குடிச்சியாக்கா?" என்று மிரட்டுவாள். அவள் குடிக்கும்போது எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றி, நான் குடித்து முடிக்கும்வரை எதிரே நிற்பாள். எனக்குக் காய்ச்சல் வருவது அடியோடு நின்றது. வயிறெரிவது முழுசாக நின்றது என்று சொல்லமாட்டேன். 'முட்டுதுக்கா' என்று அவள் ஓடும்போது இன்னமும் ஒரு சுருக் இருக்கும்.

இரண்டு வருஷம் கழித்து கொழுந்தன் சேலத்தில் ஒரு பார்ட்னரோடு பெரிய கடை போட்டுக் குடும்பத்தோடு போய்விட்டார். பொங்கலுக்கு வந்தபோது ஓரகத்தி அடுப்படியில் உட்கார்ந்து புது ஊர்க் கதைகளைச் சொன்னாள். பக்கத்து வீட்டில் ஒரு பொம்பளையாம். ரொம்ப நல்ல மாதிரியாம். எங்கே போவதானாலும் இரண்டு பேரும் சேர்ந்துதானாம். ஏற்காட்டுக்குக்கூடப் போய்வந்தார்களாம்.

"அவளுக்கு பஸ்ல தல சுத்தும்க்கா. வாந்தி எடுப்பா. நாந்தான் எலுமிச்சம்பழம், கவரு எல்லாம் வெச்சிருந்து பாத்துக்குவேன்" என்றாள்.

நான் பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன். முகம் தெரியாத அந்தப் பக்கத்து வீட்டுக்காரி மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டி பானையின் அடியில் டணங்கென்று இடித்தது.

"இன்னாக்கா?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. அடி பிடிக்குது" என்றேன்.